128-ஆம் பிரிவுக்கு ஒரு கோவில்பட்டிக் கடிதம்

மகா கனம் பொருந்திய 128-ஆம் பிரிவு அவர்களுக்கு, கோவில்பட்டியிலிருந்து எழுதிக்கொள்வது.

தாங்கள் 1898 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 109-ஆம் கதவு இலக்கத்தில் குடியிருந்தவர். 2024 ஜூலை 1-இல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புது வீட்டில் 128-ஆம் இலக்கத்துக்குப் பால் காய்ச்சிக் குடிபோனீர்கள். சந்தோஷம். போலீஸ் ஸ்டேஷனில் தங்கள் செல்லப்பெயர் ‘சந்தேகக் கேஸ்’ என்பதும் ஊரறிந்ததே.

விஷயத்துக்கு வருவோம். கடைசி பஸ் போனபின் நிலையத்துத் தூணோரம் ஒருவர் உரச்சாக்கை விரிக்கிறார். செருப்பைக் கழற்றித் தலைக்கு வைக்கிறார். கால்மாட்டில் விட்டால் காலையில் இருக்காது. பிறகு, கொசுவுக்கும் கரிசல்காட்டுப் புழுதிக்கும் பயந்து, வேட்டியை உச்சந்தலைவரை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். தங்கள் வாசகப்படி, குற்றம் செய்யும் நோக்கோடு தன் இருப்பை மறைக்க முன்னெச்சரிக்கை எடுப்பவர்மீது நடவடிக்கை உண்டு. போர்த்தியது கொசுவுக்கா, குற்றத்துக்கா? ரோந்து டார்ச் லைட்டுக்கு அதைக் கண்டுபிடிக்கும் வித்தையையும் தாங்களே எழுதி வைத்திருக்கலாம்.

அப்புறம் கோட்டாட்சியர் முன் நன்னடத்தைப் பத்திரம், ஓராண்டு வரைக்கும். ஆள்ஜாமீன் கேட்டால், செருப்பைத் தலைக்கு வைத்துப் படுப்பவர் யாரைக் கூட்டி வருவார்? கொடுக்க முடியாவிட்டால் சிறை. அரசாங்கம் அவருக்குத் தரும் முதல் கூரை அது.

வேறு கூரைக்கும் கணக்கு இருக்கிறது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் காப்பகம், தலைக்கு 50 சதுர அடி. 2011 கணக்கெடுப்பில் கோவில்பட்டிக்கு 95,000 சொச்சம் பேர். லட்சத்தை எட்டச் சுமார் ஐயாயிரம் பேர் பிறக்கச் சோம்பல்பட்டுவிட்டார்கள்.

சென்னைப் போலீஸ் 2021 ஏப்ரலில் ‘காவல் கரங்கள்’ தொடங்கியது. தெருவில் கிடந்தவர்களைக் காப்பகத்தில் சேர்த்தது, காணாமல்போனவர்களை வீட்டில் கொண்டுபோய் விட்டது. நல்ல வேலை. ஆனால், ராத்திரி தட்டி எழுப்பப்படுபவருக்கு முதலில் தெரிவது காக்கியும் வண்டியும்தான். சோற்றுக்கா, கேஸுக்கா என்று ஏறி உட்கார்ந்தபின்தான் தெரியும். அந்த வண்டியில் தாங்களும் ஏறிக்கொள்ளாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

பதில் போடுவதானால் முகவரி: பேருந்து நிலையம், மூன்றாவது தூண். கடைசி பஸ்ஸுக்குப் பிறகு மட்டும்.