பூனைக்குப் பின்னணிக் குரல்

டாம் அண்ட் ஜெர்ரியைப் புத்தகமாகப் போடலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ, அவருக்குக் குழந்தை குட்டி இருந்திருக்காது. இருந்திருந்தால், ராத்திரி கதை படித்துக்காட்டும் வேலை வீட்டில் வேறு யார் தலையிலாவது விழுந்திருக்கும்.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1940-ல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் இந்தப் பூனையையும் எலியையும் ஓடவிட்டார்கள். 1958 வரை 114 குறும்படங்கள். ஆஸ்கர் மட்டும் 7. இத்தனை படங்களிலும் நாயகர்கள் இருவரும் பேசிய வசனத்தை ஒரு போஸ்ட் கார்டில் அடக்கிவிடலாம். வாயைத் திறக்காமல் உலகத்தையே சிரிக்கவைத்தவர்கள். அவர்களைப் பிடித்து, எழுத்தில் ஏற்றி, 24 பக்கத்தில் அட்டை போட்டு, என் மகளின் பிறந்தநாளுக்கு யாரோ ஒரு புண்ணியவான் பளபளத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

ஒரு கணக்கு சொல்கிறேன். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம் ஓடும். ஏழு நிமிடப் படமென்றால் பத்தாயிரத்துக்கும் மேல். ஆக, பக்கத்துக்கு ஒரு படம் போட்ட 24 பக்கப் புத்தகத்தில் இருப்பது ஒரே ஒரு விநாடிக்கான சரக்கு. மிச்சமுள்ள 6 நிமிடம் 59 விநாடிக்கு யார் பொறுப்பு? ஆபீஸ் முடிந்து, சாப்பிட்டு, கட்டிலில் சாயலாம் என்று வந்த தகப்பன் பொறுப்பு.

“டாம் ஜெர்ரியைத் துரத்தினான்” என்று படித்தேன்.

“எப்படி?” என்றாள்.

“வேகமாக.”

“அப்படி இல்லப்பா. ஓடிக் காட்டு.”

ஓடினேன். திரும்பும்போது கால் வழுக்கி, ஓரிடத்திலேயே நாலு தடவை சுழன்று, பிறகுதான் கிளம்ப வேண்டுமாம். டிவியில் அப்படித்தான். மார்பிள் தரையில், நாற்பதைத் தாண்டிய முழங்காலை வைத்துக்கொண்டு, அதையும் செய்தேன்.

சத்தம் அடுத்த பிரச்சினை. படத்துக்கு இசையமைத்தவர் ஸ்காட் பிராட்லி. எலி எட்டிப் பார்த்தால் ஒரு வயலின், பூனை பதுங்கினால் இன்னொரு வாத்தியம், அடி விழுந்தால் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் கூடவே விழும். புத்தகத்தில் அந்த இடத்தில் “டமால்!” என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார்கள். நானும் “டமால்” என்றேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சபாவில் முன்வரிசைப் பெரியவர்கள் ஸ்ருதி விலகிய பாடகரைப் பார்க்கும் பார்வை.

‘தி கேட் கான்செர்ட்டோ’ படத்தில் டாம் கோட்டு போட்டுக்கொண்டு இசைமேதை லிஸ்ட்டின் ஹங்கேரியன் ராப்சடி வாசிப்பான். எங்கள் புத்தகத்திலும் ஒரு பக்கத்தில் அவன் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்ததால், அதையும் நான் வாயால் வாசிக்க வேண்டியிருந்தது. ஹங்கேரியில் தொடங்கி, நாலாவது அடியில் இளையராஜாவிடம் வந்து சேர்ந்தேன். மகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

டாமின் அந்தப் பிரசித்தி பெற்ற அலறல் இருக்கிறதே, அது சாட்சாத் வில்லியம் ஹன்னாவின் சொந்தத் தொண்டை. இயக்குநரே மைக் முன்னால் நின்று அலறியிருக்கிறார். அவருக்கு ஸ்டுடியோ இருந்தது. எனக்கு இருப்பது மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். மணி ஒன்பதரைக்கு, வால் கதவிடுக்கில் மாட்டும் பக்கத்துக்காக நான் அலறியதில், எதிர்வீட்டுக்காரர் காலிங் பெல் அடித்து, “சார், ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டுவிட்டு, என் மனைவியின் கையில் ஏதாவது இருக்கிறதா என்றும் எட்டிப் பார்த்தார்.

டோரா புத்தகம் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதில் வேலை குறைவு, அவமானம் அதிகம். டிவியில் டோரா கேள்வி கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்லக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருப்பாள். புத்தகத்தில் அந்தச் சிமிட்டலும் என் பொறுப்பு.

உள்ளதைச் சொன்னால், ஓட்டமும் அலறலும்கூட எனக்குப் பெரிய குறை இல்லை. புத்தகத்தில் டாமையும் ஜெர்ரியையும் பேசவைத்திருந்தார்களே, அதுதான் தாளவில்லை. இது புதிய குற்றமும் அல்ல. 1940-களின் காமிக்ஸிலேயே இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன. ஆனால் எங்கள் புத்தகத்தில் டாம், “நண்பனே, நாம் பகிர்ந்து உண்போம்” என்கிறான். கடைசிப் பக்கத்தில் இருவரும் ஒரே கேக்கை வெட்டிச் சாப்பிடுகிறார்கள். இதைப் படித்த அன்று, “அப்போ யாரு ஜெயிச்சா?” என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரம்தான் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்தாள். ஆச்சி கதை சொன்னால்தான் ஆயிற்று என்று பேத்தி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் மடியில் உட்கார்ந்தாள். அம்மா எழுத்துப் பக்கமே போகவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படத்தை மட்டும் பார்த்தாள்.

“ஏலே எலிப்பயலே, எங்கலே ஓடுத? நில்லுல!” என்று டாம் புறப்பட்டான்.

“போல, நீயும் ஒன் மீசையும்!” என்றது எலி.

உட்கார்ந்த இடத்தைவிட்டு அம்மா அசையவில்லை. ஓடவில்லை, வழுக்கவில்லை, லிஸ்ட் வாசிக்கவில்லை. குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிறது. எம்.ஜி.எம். ஸ்டுடியோவே சேர்ந்து செய்த வேலையை ஒற்றை ஆளாக முடித்துவிட்டு, இடையில் வெற்றிலை வேறு போட்டுக்கொண்டாள்.

கேக் பக்கம் வந்தது. அம்மா உற்றுப் பார்த்தாள்.

“என்னல இது, பூனையும் எலியும் ஒரே தட்டுல திங்குது?” என்று என்னைக் கேட்டாள், ஏதோ நான் பரிமாறியதுபோல. பிறகு பேத்தி பக்கம் திரும்பி, “தின்னு முடிச்சதும் டாம் என்ன சொன்னான் தெரியுமா? ‘கேக்கு ஆச்சுல்லா? இப்ப ஓடுல!’ன்னான்” என்றாள்.

அவள் ஊருக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் கேக்கோடு கதை முடிவதில்லை. ஒன்றுமே அச்சிடாத பின்னட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு, பூனை எலியை மறுபடி முதலிலிருந்து துரத்த வேண்டும், அலறலோடு. எதிர்வீட்டுக்காரர் பெல் அடிப்பதை நிறுத்திவிட்டார். லிஃப்டில் பார்த்தால் மட்டும், “வீட்ல எல்லாம் சரியாயிடும் சார்” என்கிறார்.