மண்ணுக்குள்ளும் தெரியும் கண்

இலங்கைத் தொல்பொருள் திணைக்களமே, உன் கண்ணுக்கு நிகரான கண் இந்த நாட்டில் வேறில்லை. கேகாலை மாவட்டத்துத் தெதிகமையில் மண்மூடிக் கிடந்த மேட்டுக்குள், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தான் பிறந்த இடத்தில் எழுப்பிய கோட்டவெஹெர என்ற தூபியைக் கண்டாய். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் தாதுவறையைத் திறந்து யானை விளக்கை வெளியே எடுத்தாய். அந்த விளக்கின் கிண்ணத்தில் எண்ணெய் குறைந்தால் யானையின் வயிற்றிலிருந்து தானாக இறங்கும். நிரம்பியதும் தானாக நிற்கும். அதைச் செய்த கம்மாளனின் அறிவை எண்ணூறு ஆண்டு கழித்தும் மதித்தாய்.

உன் அரசும் அந்த ஆண்டுகளில் சும்மா இருக்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் இயற்றி, தெதிகமையைச் சுற்றியுள்ள இந்தச் சப்ரகமுவக் குன்றுகளில் கொழுந்து பறித்த, இறப்பர் பால் வெட்டிய எங்கள் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. என்றோ இறந்த மன்னன் பிறந்த இடத்தை அறிந்த அரசு, அன்று விடியலில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து நின்றவர் எங்கே பிறந்தார் என்பதற்குத் தாள் கேட்டது. 1964இல் இந்தியாவுடன் செய்த ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அந்த நாடற்றவரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டுப் பிரித்தது.

உன் சட்டத்தின் தெளிவோ தெளிவு! 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியதே புராதனச் சின்னம். 1820களில் கோப்பிக் காட்டுக்கு வரத் தொடங்கிய எங்கள் முன்னோர் கட்டிய எதுவும் தானாக அந்தக் கால எல்லையைத் தாண்டி வந்து உனக்குத் தொல்லை தராது. ஆனாலும் எங்கள் மக்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான பழைய லயங்களைத் தோட்டத்தார் காத்த சிரத்தை பெரிது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவை நூறாண்டு தாண்டியும் அகலப்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள். விகாரையின் செங்கல்லுக்குக்கூட இத்தனை பாதுகாப்பு கிடைத்ததில்லை.

2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மலை சரிந்து லயத்தை மூடியது. அங்கும் மண்ணைத் தோண்டினார்கள். எடுத்தது எங்கள் மக்களின் உடல்களை.

தெதிகம விளக்கை மீட்டது நல்ல வேலை, மனமாரச் சொல்கிறேன். அதே கையால் ஒரு பழைய லயத்தையும், கோப்பிக் காலத்துப் பாதையையும், தொழிலாளர் பெயர் பதிந்த செக்ரோலையும் காப்பாற்று. அதற்கு முன், அங்கே இன்னும் குடும்பம் நடத்துபவருக்குக் காணியும் வீடும் கொடுக்கும்படி உன் அரசிடம் சொல். ஆள் வெளியேறி நல்ல வீட்டில் குடிபுகுந்த பிறகுதான் லயம் நினைவுச்சின்னமாகலாம்.