டபுள் ஷிப்ட்

கேள்வி: பதற்றமும் மனச்சோர்வும் ஒன்றுதானே?
– ஒரு வாசகர், பாலகாட், கோலார் தங்கவயல்

பதில்: இல்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் பாறை வெடித்துத் தரை குலுங்கினால், ஷிப்டுக்குப் போனவர் வருவாரா என்று வீட்டில் நெஞ்சு படபடக்கும். அது நியாயமான பயம். 2001-ல் சுரங்கமே மூடியாயிற்று. இன்னும் மாதக்கணக்கில் காரணமில்லாமல் படபடத்தால் பதற்ற நோய். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்றி, பசியும் தூக்கமும் கெட்டுக் கிடந்தால் மனச்சோர்வு.

பதற்றக்காரர் பெங்களூர் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே மாரிகுப்பம் ஸ்டேஷனில் நிற்பார். சோர்வுக்காரருக்கு ரயில் போனாலும் ஒன்றுதான், வந்தாலும் ஒன்றுதான். இரண்டும் ஒரே ஆளிடம் டபுள் ஷிப்ட் பார்ப்பதும் சகஜம். டாக்டரைப் பாருங்கள், பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அவசரமென்றால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம். மந்திரிக்கிறவருக்கு வாங்கும் எலுமிச்சம்பழக் காசும் மிச்சம்!