ஜீப்பலங்கார விசாரம்

செய்யுளுக்குரிய பொருளணிகள் 35 என்று தண்டியலங்காரம் வரையறுத்துவிட்டது; நான்கு சக்கரங்களாலும் இழுத்துச் செல்லும் வண்டிக்குரிய அணிகள் இத்தனை, இன்னின்ன என்று அறுதியிட்டுரைக்கும் நூலோ தமிழில் இதுகாறும் தோன்றவில்லை. இக்குறையால் விளையும் திரவிய நஷ்டம் அற்பமன்று. மாதத் தவணையில் ஒரு தார் ஜீப்பை வாங்கி, எஞ்சிய சொற்பத் தொகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்குள் காலையில் நுழைகின்ற கிருகஸ்தர் ஒருவர், எது வேண்டுவது, எது வேண்டாதது என்று பகுத்தறியப் பிரமாணம் ஏதுமின்றி, “சார், இதைப் போட்டீங்கன்னா வண்டியோட லுக்கே மாறிடும்” என்னும் கடைக்காரர் வாக்கையே ஆப்த வாக்கியமாகக் கொண்டு, முன்னால் ஓர் இரும்புக் கொம்பும், கூரைமேல் ஒரு சட்டமும், பக்கவாட்டில் ஒரு குழாயும் தாங்கிய வாகனத்தோடு, பையில் ஒன்றுமில்லாதவராய் மாலையில் வெளியே வருகிறார். அவர்பொருட்டே இவ்விசாரம் எழுதப்படுகிறது.

ஜீப் தோன்றிய காலத்தில் அதற்கு அலங்காரமென்று ஒன்று இருந்ததில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய வில்லிஸ் வண்டியின் பக்கத்தில் மண்வெட்டியும் கோடரியும் கட்டியிருந்தார்கள் என்றால், அவை சேற்றை வெட்டவும் மரத்தைப் பிளக்கவும் ஏற்பட்டவை. 1947-இல் மஹிந்திரா நிறுவனத்தார் அவ்வண்டியை நம் நாட்டில் பொருத்தி விற்கத் தொடங்கியபோதும் அதன் எளிமை மாறவில்லை. ஜெர்ரி கேன் என்று வழங்கும் இரும்புக் கலமும் அவ்வாறே காரியத்துக்கென்று ஜெர்மானியப் படைக்காக 1930-களில் வகுக்கப்பட்டது. 20 லிட்டர் கொள்வது. ஒருவரே ஒரு கைக்கு இரண்டாக வெறுங்கலங்களைத் தூக்கவும், நிறைந்த கலத்தை இருவர் பகிர்ந்து சுமக்கவும் வேண்டியே அதற்கு மூன்று கைப்பிடிகள் வைத்தனர். இத்துணை நுண்ணறிவோடு இயற்றப்பட்ட அப்பாத்திரத்தின் வாரிசு இன்று வண்டியின் பின்புறத்தில் பூட்டுச் சாவியோடு தொங்குகிறது. உள்ளே இருப்பது காற்று. பெட்ரோல் பங்குகள் மலிந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதில் வேறு எதை நிரப்புவது என்பதும் விளங்கவில்லை.

இனிச் சித்தாந்தத்தைக் கூறுவோம். இத்துறையில் விலையை நிர்ணயிப்பது பொருளின் எடையன்று, உழைப்பன்று, பிரயோஜனமுமன்று. அப்பொருள் எத்தனை தூரத்திலிருந்து அயலார் கண்ணுக்குப் புலப்படும் என்பதே. இதனைத் தூரதர்சன நியாயம் எனப் பெயரிட்டு வழங்குவோமாக. தெருமுனையிலிருந்தே தெரியும் கூரைச் சட்டமும் விளக்குப் பட்டையும் ஆயிரக்கணக்கில் விலை போகின்றன. வண்டிக்குள் எட்டிப் பார்த்தாலும் தென்படாத, உள்ளங்கையில் அடங்கும் டயர்க் காற்றழுத்தமானியோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சிக்கனம் விரும்புவோர் இந்நியாயத்தைத் தலைகீழாக அனுஷ்டித்தால் போதும்: பிறர் காணாததை வாங்குவது, காண்பதை விடுவது.

“காடு மலைகளில் ஓடுகிற வண்டிக்கு இத்தகைய சாதனங்கள் இன்றியமையாதன அல்லவோ?” என்பது பூர்வபக்ஷம். அதற்கு விடை கொழுக்குமலையில் உள்ளது. தேனி மாவட்டத்து எல்லையிலுள்ள அத்தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து, பாதையென்று சொல்லவும் நாக்கூசுகிற பாறைத் தடத்தில், சூரியோதயம் காணச் செல்வோரை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் ஜீப்புகள் ஏறியிறங்குகின்றன. அவற்றின் நெற்றியில் சாமி பெயரைக் காணலாம். பக்கவாட்டுக் குழாயையும் விளக்குப் பட்டையையும் காண்பது அரிது. மேட்டில் ஏற்றுவது ஓட்டுநரின் காலும், தாழ்கதிப் பல்சக்கரமும். இவ்விரண்டும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் விற்பதில்லை.

அணிகளுள் தலையாயது ஸ்நார்க்கெல் என்னும் மூச்சுக் குழாயாகலின் அதனைச் சற்று விரித்துரைப்போம். எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாயைக் கூரைமட்டத்துக்கு உயர்த்துவதே இதன் தத்துவம். வாய் தாழ்ந்திருந்து நீரை உறிஞ்சுமாயின், காற்றைப்போல் நீர் அமுங்கிக் கொடுக்கும் சுபாவமுடையதன்று ஆதலால், மேலேறும் பிஸ்டன் அதனோடு மோத, இணைப்புத் தண்டு வளைந்து, எஞ்சின் அப்பொழுதே பிராணனை விடும். ஆகவே குழாய்க்கு நியாயம் உண்டு. முன்செல்லும் வண்டிகள் கிளப்பும் புழுதியிலிருந்து வடிகட்டியைக் காப்பதனால் பாலைநிலப் பிரயாணத்துக்கும் அது உகந்ததே. எனினும் 2020-இல் வெளிவந்த தாருக்கு அதன் நிர்மாதாக்களே விதித்த நீராழ எல்லை 650 மில்லிமீட்டர். எஞ்சினின் மூக்கை மட்டும் மேலே தூக்கிவிட்டால், அச்சுகளிலும் கியர்ப் பெட்டியிலும் உள்ள சுவாசத் துளைகளும், மின்கம்பி இணைப்புகளும், இருக்கைக்கடியில் நனையும் மெத்தையும் தாமே மேலே எழுந்துவிடுமா? மலிவாகக் கிடைக்கும் குழாய்களின் சங்கதியோ இன்னும் விசித்திரம். சிலவற்றில் பொருத்துவாய் இறுக மூடாமல் நீர் கசியும்; சில உள்ளே எதனோடும் இணையாமல், பக்கத் தகட்டில் ஒட்டிய வெறும் பிளாஸ்டிக்காகவே நின்றுவிடும். பின்னதைத் தண்டியாசிரியர் கண்டிருந்தால் தன்மேம்பாட்டுரைக்கு உதாரணமாக எடுத்தாண்டிருப்பார் என்பது எம் துணிபு. அக்குழாயை நம்பி, அடைமழையில் சென்னைத் துரைசாமி சுரங்கப்பாதைக்குள் வண்டியை இறக்குகிறவருடைய துணிவையும் எவ்வணியில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

புல்பார் என்னும் முன்புற இரும்புக் கொம்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதனை அகற்றும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரில் எழுதியாயிற்று. மோதலின் விசையை நசுங்கி ஏற்க வேண்டிய முன்பகுதியின் தொழிலை அது கெடுக்கிறது, காற்றுப்பையின் உணர்விகளைக் குழப்புகிறது, பாதசாரியின் எலும்பை முறிக்கிறது. கண்ணாடிக்குக் கறுப்புப் படலம் ஒட்டுவதை உச்சநீதிமன்றம் 2012-லேயே தடுத்துவிட்டது. நிர்மாதாக்கள் வகுத்த அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்றலாகாது என்று 2019-இல் அதே நீதிமன்றம் மீண்டும் தெளிவாக்கியது. பணத்தைக் கொடுத்து வாங்கி, அபராதத்தைக் கொடுத்துக் கழற்றும் பொருளை மலிவு என்று சொல்ல எந்தக் கணக்கும் இடந்தராது.

டயர் விஷயத்தில் நம் நியாயத்துக்கு ஓர் இடர்ப்பாடு தோன்றும்; அது கண்ணுக்கும் தெரிகிறது, காரியத்துக்கும் உதவுகிறது. ஆனால் ஆழ்ந்த வரிப்பள்ளமுள்ள சேற்று டயரைப் பூட்டிக்கொண்டு, வருஷத்தில் பெரும்பகுதியைத் தார்ச்சாலையில் கழிப்பவர், ஓயாத இரைச்சலையும், குறைந்த மைலேஜையும், மழைநாளில் நீண்டுபோகும் பிரேக் தூரத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார். மணலில் புதையாதிருக்க உத்தமமான உபாயம், இருக்கிற டயரில் காற்றை இறக்குவதுதான். 32 பி.எஸ்.ஐ. அளவிலிருந்து 18-க்கு இறக்கினால் டயர் தரையில் படியும் பரப்பு நீண்டு, வண்டி மணல்மேல் மிதந்தாற்போற் செல்லும். இறக்குவதற்குச் செலவு இல்லை. திரும்ப ஏற்றுவதற்குத்தான் ஒரு சிறு கம்ப்ரெஸர் வேண்டும். அதனையும் சிகரெட் லைட்டர் துளையில் செருகுவதாக வாங்காமல், பாட்டரியிலேயே கவ்வும்படியான வகையில் வாங்குவது நலம். பெரிய டயருக்கு வேண்டிய மின்னோட்டத்தை அத்துளையின் ஃப்யூஸ் தாங்காது.

சிக்கனம் அறவே கூடாத இடம் ஒன்றுண்டு, அது கயிறு. ஏறத்தாழ இரண்டு டன் நிறையுள்ள வண்டி சேற்றில் அழுந்தியிருக்கையில், அதனை இழுக்கும் கயிறு தன்னுள் அடக்கியிருக்கும் சக்தி அற்பமானதன்று. அது அறுந்தாலோ, அதன் நுனியிலுள்ள கொக்கி தெறித்தாலோ, பீரங்கிக் குண்டுக்கும் அதற்கும் பேதமில்லை. ஆதலின் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கிய நைலான் கயிற்றையும், பாரந்தாங்கும் அளவு பொறிக்கப்படாத வளையத்தையும் தொடவே கூடாது. முக்கால் அங்குல வில்வளையத்தில் 4.75 டன் என்று பொறித்திருக்கும்; அவ்வெழுத்துக்குத்தான் காசு. டிரெய்லர் பூட்டும் உருண்டையில் கயிற்றை மாட்டி இழுப்பதும் மகாபாதகம், அது முறிந்து பறந்து ஆளைக் கொன்றதுண்டு. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் கனத்த விரிப்பு ஒன்றைப் போட்டுவைத்தால், அறுந்தாலும் அது கீழே அமரும். ஷோரூமில் வலிந்து தலையில் கட்டிய மிதியடி விரிப்புக்கு உருப்படியான உபயோகம் இஃதொன்றே.

கடைசியாக, எம் தூரதர்சன நியாயத்தை அடியோடு பொய்ப்பிக்கும் ஒரு பொருளையும் மறைக்காமல் கூறுவது ஆராய்ச்சி தர்மம். அது வண்டியின் பின்பக்கத்தில் ஒட்டும் ‘4x4’ என்னும் ஸ்டிக்கர். விலையோ சொற்பம், புலப்படும் தூரமோ அதிகம். 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தார் மலிவு விலையில் வந்ததிலிருந்து, ஏனைய இரண்டு சக்கரங்களையும் இந்த ஸ்டிக்கரைக்கொண்டே இழுக்கவைப்போர் தொகை பெருகியிருப்பதாகத் தெரிகிறது. உண்மையை மறைத்து வேறொன்றாகக் கூறும் அவநுதியணியின்பாற்படும் இதனை, முற்கூறிய பிரமாணங்களைக்கொண்டு கண்டிக்கவோ பாராட்டவோ இயலவில்லை. எரிபொருளைக் குடிப்பதில்லை, அபராதத்தை வரவழைப்பதில்லை, எவர் மேலும் தெறிப்பதுமில்லை. வாங்கியே தீருவோம் என்பவர்கள், ஒட்டுமிடத்தை முதலில் ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டு, ஓர் ஓரத்திலிருந்து காற்றுக் குமிழி விழாதபடி அழுத்திக்கொண்டே வரவேண்டும். கோணலாகிவிட்டால் உரித்தெடுப்பதற்குள் பெயிண்டும் கூடவே வரும்.