பாம்ப்லோனா போய்ப் பத்திரமாகத் திரும்பிய மருமகனுக்கு

மருமகனே, நீ வந்து இறங்கிய அன்றே உன்னைப் பாராட்டவேண்டும் என்றிருந்தேன். சுசீந்திரத்திலிருந்தும் ஒழுகினசேரியிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து செல்போனில் எருது ஓட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முறை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஸ்பெயின் விசாவுக்கு மாதம் 600 யூரோ கையில் இருப்பதாகக் காட்டவேண்டும் என்றதும் உன் அப்பா இறச்சகுளத்து வயலை அடகு வைத்தார். அதில் ஒரு யூரோவைக்கூட நீ வீணாக்கவில்லை. ஜனவரியில் போனாய், ஜூலையில் வந்தாய், எல்லாத் தாளும் பாஸ். இதையெல்லாம் சும்மா சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகள் பாதியில் திரும்பியிருக்கிறார்கள் என்று பார்த்தவன் நான்.

உன் உறுதி அதைவிடப் பெரியது. மத்தியானச் சோறு இரண்டு மணிக்குமேல், ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்குமேல் என்று இருக்கிற ஊரில் உன் வயிறு நாகர்கோவில் நேரத்தைக் கடைசிவரை விடவில்லை. அம்மா பொட்டலம் கட்டிக்கொடுத்த தீயல் பொடியும் ஏத்தங்காய் வற்றலும் ஜூன்வரை வந்ததாம். அவளுக்கு ஒரே பெருமை. அறையில் கூட இருந்தவர்களும் தமிழ்ப் பிள்ளைகளே. வகுப்பு ஆங்கிலத்தில், பேச்சு தமிழில், கடையில் விரலால் சுட்டிக் காட்டினால் போதும். ‘ஓலா’, ‘கிராசியாஸ்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அரை வருஷத்தை ஓட்டிவிட்டாய். கீழ்வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டபோதும், அவள் மனம் நோகாதபடி நாசூக்காகத் தட்டிக்கழித்தாயே! “பாஷை தெரியாம போய் என்ன மாமா பேசியதுக்கு?” என்று கேட்டாய். நியாயமான கேள்வி.

இதே சங்கடம் நீ தங்கியிருந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கும் வந்தது. பாம்ப்லோனாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஹாவியேர் என்றொரு கோட்டை இருக்கிறது. 1506இல் அங்கே பிறந்தவர்தான் நம் கோட்டாற்றுச் சவேரியார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1542இல் கோவாவில் இறங்கி, அந்த வருஷமே முத்துக்குளித்துறைப் பக்கம் வந்துவிட்டார். தன் தாய்மொழி பாஸ்க், அந்தக் கரை ஜனங்களுடையது மலபார், ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்கவில்லை என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார். அன்று போர்ச்சுகீசியர் மலபார் என்றது நம் தமிழைத்தான்.

அவருக்கு உன் சாமர்த்தியம் இல்லை. இரண்டு பாஷையும் ஓரளவு தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து, நாள்கணக்கில் உட்கார்ந்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். கடைசிவரை தமிழ் அவருக்குச் சரளமாக வந்ததில்லை; துபாஷியை நம்பித்தான் பல வேலை நடந்தது. தப்பும் தவறுமாகப் பேசி நாலு பேர் முன்னால் நிற்பதற்கு அவர் கூசவில்லை. உனக்கு அந்தக் கூச்சம் இருந்தது. ஆகவே உன் வாயில் ஒரு பிழையான ஸ்பானிஷ் வாக்கியம்கூட வந்ததில்லை. அதே கடிதத்தில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் போய், முக்கியமாகப் பாரிஸில், படிப்பை மட்டும் சேர்த்துவைத்திருப்பவர்களைப் பார்த்துப் பைத்தியக்காரனைப்போலக் கத்தவேண்டும்போல இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். நல்ல மார்க்கு வாங்குகிறவர்களிடம் அவருக்கு ஏன் அத்தனை கோபமோ.

மார்ச் மாதம் நீ அங்கேதான் இருந்தாய். ஒவ்வொரு மார்ச்சிலும் நவார்ரா ஜனங்கள் அந்தக் கோட்டைக்குக் கால்நடையாகவே போகிறார்கள். ஹாவியெராதா என்று அதற்குப் பேர். பாம்ப்லோனாவிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்புகிறார்கள். நீ அறையில் இருந்து பரீட்சைக்குப் படித்தாய். டிசம்பர் 3 வந்தால் நம் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. நம் வீட்டில் யாரும் வேதக்காரர் இல்லை என்றாலும் பத்து நாள் திருவிழாவில் ஒரு நாளாவது கோட்டாற்றுக்குப் போகாமல் நீ வளர்ந்ததில்லை. ராட்டினத்தில் ஏற்றிவிட்டதே நான்தான். “அந்தச் சவேரியார் கோயில் ஊரிலிருந்து வருகிறேன்” என்று கீழ்வீட்டு அம்மாவிடம் நீ சொல்லியிருந்தால், அவள் உன்னை லேசில் விட்டிருக்கமாட்டாள். சோறு போட்டு, பழைய படமெல்லாம் எடுத்துக் காட்டி, மார்ச்சில் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போயிருப்பாள். உன் படிப்பு கெட்டிருக்கும். அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எருது ஓட்டத்தை நீ விடவில்லை. ஜூலை 7 காலை எட்டு மணி, சுமார் 850 மீட்டர், தடுப்புக்குப் பின்னால் நின்று நீ எடுத்த படம் தெளிவாக வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் இறச்சகுளம்வரை போய்விட்டது.

உன் சித்தி மகளுக்குச் சலமன்காவில் இடம் கிடைத்திருக்கிறது. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம். செப்டம்பரில் போகிறாள், உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறாள். பொன்னி அரிசி எங்கே கிடைக்கும், குக்கர் கொண்டுபோகலாமா, பஸ் கார்டு எப்படி எடுப்பது என்பதையெல்லாம் அவளுக்கு விவரமாகச் சொல்லிக்கொடு. அதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன்.