லேபிள் ஒருத்தருது, ஸ்டியரிங் இன்னொருத்தருது

பனியன் கம்பெனிக்குத் துணி ரோல் சுமந்த பழைய மஹிந்திரா பிக்கப்பைத் தூசி தட்டிப் புதுசாக்கக் கிளம்பும் திருப்பூர் முதலாளிக்கு முதல் ஆசை பவர் ஸ்டியரிங். வண்டி ஒரு விரலில் திரும்பணும். மற்ற கை ரீல்ஸ் எடுக்கத் தேவைப்படுகிறதே!

பவருக்கு முன்னால் ஸ்டியரிங்கின் கதையைப் பார்ப்போம். வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'அக்கர்மன் ஸ்டியரிங்'. எப்பேர்ப்பட்ட இன்ஜினியர் என்று கும்பிடப் போகிறீர்களா? பொறுங்கள். ருடால்ப் அக்கர்மன் லண்டனில் படமும் புத்தகமும் விற்றவர். வண்டி டிசைனும் தெரியும்தான், அட்மிரல் நெல்சனின் சவ ஊர்வல வண்டியே அவர் வரைந்தது. ஆனால் இந்தச் சரக்கு மியூனிக்கில் வண்டி கட்டிய லாங்கென்ஸ்பெர்கருடையது. 1818-இல் இங்கிலாந்தில் அதற்குப் பேட்டன்ட் வாங்கிய ஏஜென்ட்தான் அக்கர்மன். தைத்தவர் ஒருவர், லேபிள் இன்னொருவர். திருப்பூர்க்காரருக்கு இதை நான் விளக்கணுமா?

லாங்கென்ஸ்பெர்கரும் வயிறெரிய முடியாது. சுமார் அறுபது வருஷம் முன்பே டாக்டர் எராஸ்மஸ் டார்வின் (ஆமாம், குரங்கு டார்வினின் தாத்தாதான்) இதே யோசனையைப் பிடித்துவிட்டார். பேட்டன்ட் எடுக்கவில்லை. 1768-இல் தானே டிசைன் செய்த வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் சில்லை மட்டும் உடைத்துக்கொண்டார்.

பவர் ஸ்டியரிங் கதை இன்னும் பாவம். பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே காரில் மாட்டி ஓட்டிக் காட்டினார். 'செலவு ஜாஸ்தி' என்று ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது. 1951-இல் கிரைஸ்லர் அதை இம்பீரியல் காரில் விற்றபோது டேவிஸின் முக்கியப் பேட்டன்ட்டுகள் காலாவதி!

சரி, ஸ்டியரிங்கை விட்டு லோடு தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்கு வருவோம். லோடு தாங்கலையா? இன்னொரு பட்டை போடு! இதுதான் நம்ம ஊர் சித்தாந்தம். ரோல் ஏற்றினால் ராஜநடை. காலி வண்டியில் பல்லடம் ரோட்டில் போகும் டிரைவர் சீட்டில் உட்காருவதைவிட மேலே பறப்பது அதிகம். நடுவில் தடித்து நுனியில் மெலியும் பாராபாலிக் பட்டை இரண்டு மூன்று இருந்தாலே போதும். ஒன்றோடொன்று அதிகம் உரசாது, குலுக்கல் குறையும். முதலாளிக்கு மனசு ஆறாது. "ஏனுங்க, மூணே பட்டையா? ஆளுக பாத்தா என்ன நெனைப்பாங்க?"

அடுத்தது கெத்து. வண்டியை நாலு இஞ்ச் தூக்குவார். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் சாய்ந்துபோகும், குழிக்குக் குழி சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். மெக்கானிக் மெதுவாகச் சொல்வார்: "ரோட்டைப் பாத்து வண்டியே ஓட்டிக்குதுங்க மொதலாளி."

சக்கரம் திரும்பும் கிங்பின்னும் பட்டையின் ஷேக்கிள் புஷ்ஷும் தேய்ந்த வண்டிக்குப் பவர் ஸ்டியரிங் போட்டால் ஆட்டம் நிற்காது. ஆடுகிற வண்டி லேசாகத் திரும்பும், அவ்வளவுதான். முதலில் அந்தச் சில்லறைச் சாமான்களை மாற்றுங்கள். பவர் ஸ்டியரிங் பம்ப்பை அப்புறம் பார்க்கலாம்.