கோணக்காரர்

அவர் வீட்டு ஹாலில் நடமாடச் சில கட்டுப்பாடுகள் உண்டு. டீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவே யாரும் போகக்கூடாது. ஃபேனை மூன்றுக்கு மேல் வைக்கக்கூடாது. பாய் உதறுவது, பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவது எல்லாம் வாசலோடு சரி. டீப்பாய் மேல் லேப்டாப். அதன் இடது பக்கத்தில் சார்ஜர் பின். பின்னுக்கு அடியில் முட்டுக்கொடுக்க மடித்து வைத்த கேஸ் ரசீது. ஒயர் மேல் இட்லிப்பொடி டப்பா. டப்பா நிரம்பியிருந்தால்தான் வேலை நடக்கும். பாதி டப்பாவுக்கு எடை போதாது. இத்தனையும் கூடி வந்தால் திரையோரத்துப் பேட்டரிப் படத்தில் சின்னதாக ஒரு மின்னல் முளைக்கும். உடனே அவர் கையை உயர்த்துவார்.

"யாரும் அசையாதீங்க. ஏறுது."

சமையலறையிலிருந்து குரல் வரும். "ஏங்க, இட்லி வெந்தாச்சு. அந்தப் பொடி டப்பாவைக் கொண்டாங்க."

"இன்னும் அறுபத்தெட்டுதான் ஆயிருக்கு. இன்னிக்குச் சட்னி அரைச்சுக்கயேன்."

இவரை நான் கோணக்காரர் என்று சொல்வது வழக்கம். பழுதான சார்ஜர் ஒயரை எந்தக் கோணத்தில் வளைத்தால் கரண்ட் பாயும் என்று கண்டுபிடித்துவிட்டு, அந்தக் கண்டுபிடிப்பின் பெருமையிலேயே காலம் தள்ளுபவர். எல்லா ஆபீசிலும், எல்லாத் தெருவிலும் ஒருவராவது தேறுவார். சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பை ஒரே மாலையில் வாங்கியவர்தான், ஆயிரத்தைந்நூறு ரூபாய் சார்ஜருக்கு ஆறு மாதம் யோசிக்கிறார். பெண்களில் இந்த ரகம் அபூர்வம். அவர்கள் இரண்டு நாள் வளைத்துப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் புதுசு வந்துவிடும்.

கஞ்சத்தனம் என்று நினைத்தால் அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். சார்ஜரை மிச்சம் பிடிக்க அவர் செலவழித்த டேப்பும் ஈயமும் ஆட்டோ காசும் புது சார்ஜர் விலையை எப்போதோ தாண்டிவிட்டன. கோளாறு என்னவென்று இன்னொருவர் சொல்லித் தான் தெரிந்துகொள்வதா என்பதுதான் அவர் பிரச்சினை.

கோளாறை உண்டாக்கியவரும் அவரேதான். லேப்டாப் வந்த முதல் நாளிலிருந்து, வேலை முடிந்ததும் ஒயரை அடாப்டரின் மேல் இறுக்கி, ஒரு சுற்றுகூடத் தளராமல் சுற்றி வைத்தார். ஒழுங்கான மனிதர். அந்த ஒயருக்குள் நடுவில் கம்பி, அதைச் சுற்றி உறை, உறைக்கு வெளியே முடியிழை மாதிரி பின்னிய செம்பு. அடாப்டரை விட்டு வெளியே வரும் இடத்திலும் பின்னை ஒட்டிய இடத்திலும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஓரிரண்டு இழை அறும். எல்லா இழையும் அற்றால் சார்ஜர் செத்துப்போகும், ஊருக்கும் நிம்மதி. நாலைந்து இழை மிச்சம் இருந்து, அதுவும் ஒரு பக்கம் வளைத்தால் தொட்டுக்கொண்டு மறு பக்கம் வளைத்தால் விட்டுப்போகிறதே, அங்கேதான் கோணக்காரர் பிறக்கிறார்.

ஆனால் முதல் நாளே ஒயரைச் சந்தேகப்பட மாட்டார். முதல் குற்றவாளி மின்வாரியம். "லோ வோல்டேஜ்." அடாப்டரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். படிக்க மாட்டார். அடுத்தது விண்டோஸ் அப்டேட். அதற்கடுத்து பேட்டரி. பிறகு மகன் விளையாடிய கேம். இந்த வரிசையில் கடைசியாக வருவது எதுவோ அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்: சுவரிலிருந்து அடாப்டருக்கு வரும் பவர் கார்டு. மூன்று ஓட்டை உள்ள அந்த முனை அடாப்டரில் சரியாக உட்காராமல் பல்லிளித்துக்கொண்டு நிற்பது சர்வ சாதாரணம். அழுத்திவிட்டால் தீர்ந்தது. கார்டே போயிருந்தாலும் நூறு, நூற்றைம்பது ரூபாய். அவ்வளவு எளிதாகத் தீரும் நோயை அவர் நோய் என்று ஒப்புக்கொள்வதில்லை.

அடாப்டரின் மேல் இருக்கும் சின்ன விளக்கும் கேட்டால் சொல்லும். பின்னைச் சொருகாதபோது எரிந்து, லேப்டாப்பில் சொருகியதும் அணைந்தால் எங்கோ ஷார்ட். ஒயரிலும் இருக்கலாம், லேப்டாப்புக்குள்ளும் இருக்கலாம். அதே மாதிரி வேறொரு சார்ஜரைச் சொருகிப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. ஆனால் அவரிடம் மல்டிமீட்டர் இருக்கிறது.

மல்டிமீட்டர் வாங்கிய கோணக்காரரைக் கையில் பிடிக்க முடியாது. சட்டையை மடித்துவிட்டு, குமிழை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னுக்குள் விட்டு, கறுப்பை வெளிவட்டத்தில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொள்வார். 19.5 என்று காட்டும்.

"பாத்தியா? பத்தொன்பதரை! சார்ஜர்ல ஒரு குத்தமும் இல்ல. லேப்டாப்தான் வாங்கிக்க மாட்டேங்குது."

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது அடாப்டரிடமிருந்து வாங்கும் கரண்ட் இல்லை என்றே சொல்லலாம். ஒற்றை இழை மிச்சமிருந்தால்கூடப் பத்தொன்பதரை முழுசாக வந்து நிற்கும். லேப்டாப் மூன்று ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த இழை திணறி, வோல்டேஜ் சரியும். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரை எல்லாரும் பயில்வான்தான். அரிசி மூட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

அதே மீட்டரால் எதிர்வீட்டில் ஒரு கொலையும் நடந்தது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு லேப்டாப் கிடைத்திருந்தது. அதன் அடாப்டர் 20 வோல்ட் ரகம். உண்மையில் 20-க்கு மேல் ஒரு துளி வரும். மலிவு மீட்டர்கள் 20 வோல்ட் அளவில் 19.99-க்கு மேல் காட்டாது. தாண்டினால் இடது ஓரத்தில் ஒற்றை '1' மட்டும் நிற்கும். அளவை மாற்று என்று அதற்குப் பொருள். இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரு வோல்ட்தான் வருதும்மா. செத்துப்போச்சு." நல்லாயிருந்த அடாப்டர் பரணுக்குப் போனது. அந்தப் பெண்ணின் அப்பா இவருக்குக் காபி கொடுத்து அனுப்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆம்பியர் விஷயத்தில் அவர் கொள்கை உண்மைக்கு நேர் தலைகீழ். ஆபீசில் சார்ஜ் இல்லாமல் தவித்த ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரர் 90 வாட் அடாப்டரை நீட்டினார். "ஐயோ, நம்மளது 65. இதுல அதிகமாப் பாயும் சார், போர்டு எரிஞ்சிடும்." மறுத்துவிட்டு, எங்கிருந்தோ 45 வாட் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். அடாப்டர் எதையும் பாய்ச்சுவதில்லை. லேப்டாப்தான் வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. வோல்டேஜ் ஒத்துப்போய், பின்னும் அதே பின்னாக இருந்தால், ஆம்பியர் கூடுதலாக இருப்பதில் கெடுதல் இல்லை. குறைவாக இருந்தால்தான் அடாப்டர் தோசைக்கல் சூட்டுக்குப் போகும். இவர் மாட்டியதும் போனது. "பாருங்க, எவ்வளவு உழைக்குது!" என்று தடவிக்கொடுத்தார்.

இனி வருவது அறுவை சிகிச்சை. பின்னுக்குச் சற்று முன்னால் ஒயரில் ஓர் உருண்டை இருக்குமே, அதிலிருந்து ஆரம்பிப்பார். "இது ஃபியூஸ். இதுதான் போயிருக்கும்." அது ஃபெரைட் எனும் காந்தப் பொருளால் ஆன வளையம். ஒயர் வழியாகப் போகும் உயர் அதிர்வெண் இரைச்சலை அடக்க வைத்தது. போவதற்கு அதில் ஒன்றுமில்லை. அதை அறுத்து எறிந்த பிறகு ஒயரைச் சீவுவார். உள்ளே இரண்டு கம்பி எதிர்பார்த்த இடத்தில் மூன்று இருக்கும். டெல், ஹெச்பி போன்றவற்றின் பல அடாப்டர்களில் பின்னின் நட்டநடுவே ஊசி மாதிரி ஒரு முள் நிற்கும். அந்த மெல்லிய மூன்றாவது கம்பி அதற்கானது. 'நான் இத்தனை வாட் அடாப்டர்' என்று லேப்டாப்பிடம் அறிமுகம் செய்துகொள்ளும் வழி அது.

"இது எக்ஸ்ட்ரா." மடக்கி டேப்புக்குள் புதைத்துவிடுவார்.

லேப்டாப் எழுந்ததும், வந்திருக்கும் அடாப்டர் என்ன ரகம் என்று தெரியவில்லை என்றொரு அறிவிப்பு போடும். ஓடும். ஆனால் முன்பின் தெரியாதவரை நம்பி எவ்வளவு இழுப்பது? பேட்டரிக்கு ஏற்ற மறுத்து, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஓர் எக்செல் திறக்க ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். அப்போது அவர் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் அடக்கம் தெரியும். "மதர்போர்டுதான். நான் அப்பவே நெனச்சேன்."

இன்னொரு தொந்தரவும் இடையில் வந்து சேரும். வெறுங்காலோடு உட்கார்ந்து லேப்டாப்பின் உலோக விளிம்பைத் தொட்டால் சுருக் சுருக்கென்று கை கூசும். டச்பேடில் அம்புக்குறி பேய் பிடித்து ஓடும். இவர் அடாப்டரின் மூன்றுமுனை பிளக்கை, படுக்கையறை போர்டில் நுழையவில்லை என்று, இருமுனை கன்வெர்ட்டரில் சொருகியிருக்கிறார். எர்த் இல்லை. இரைச்சலை வடிகட்ட அடாப்டருக்குள் வைத்த கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் துளிக் கரண்ட், பூமிக்குப் போக வழியில்லாமல் இவர் விரலைத் தேடுகிறது. பெரும்பாலும் ஆபத்தில்லாத கூச்சம்தான். ஆனால் அதற்கு அவர் சொன்ன விளக்கம் வேறு. "நரம்புக்கு நல்லது. இதுக்குக் காசு கொடுத்து ட்ரீட்மென்ட் எடுத்துக்கிறாங்க."

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும். டேப் சுற்றிய ஒட்டில் தொட்டும் தொடாமலும் மூன்று ஆம்பியர் போனால் அந்த இடம் சுடும். ரப்பர் இளகி இரண்டு கம்பியும் ஒட்டினால் நெருப்பு வரவும் வாய்ப்புண்டு. தினம் பின்னை வளைத்து அழுத்துவதில் லேப்டாப்பின் ஜாக்கும் ஆட்டம் கண்டு, பலகையில் பற்றவைத்த ஈயம் விட்டுப்போகும். சார்ஜர் செலவு அங்கே பல மடங்காகிறது. அடாப்டரைச் சுத்தியலால் தட்டிப் பிளக்கும் அடுத்த கட்டக் கோணக்காரர்களும் இருக்கிறார்கள். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சில சமயம் முந்நூறு வோல்ட் தங்கியிருக்கும். அதைத் தொட்டவர் கோணமெல்லாம் மறந்துபோவார்.

கடைசியில் மகள் அவரை மெட்ரோவில் ஏற்றி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரப் பையன் ஒயரைப் பார்த்தான், ரெண்டு விரலால் ஒரு திருகு திருகினான், "கேபிள் கட் சார்" என்றான். அத்தனை மாத ஆராய்ச்சி மூன்று சொல்லில் முடிந்துபோனதில் அவர் முகம் கறுத்துவிட்டது.

"கேபிள் இல்ல தம்பி. மீட்டர்ல பத்தொன்பதரை காட்டுது."

"லோடு குடுத்தீங்களா சார்?"

பதில் இல்லை.

"ஒரிஜினல் வேணுமா, கம்பேட்டிபிள் வேணுமா சார்?"

"கேபிள் மட்டும் கிடைக்குமா?"

கிடைக்கும். பின்னோடு சேர்ந்த ஒயர் தனியாகவே விற்கிறது. விவரம் தெரிந்தவர் பற்றவைத்துக் கொடுத்தால் நன்றாகவே ஓடும். மகள் அவர் சட்டைப் பையைப் பார்த்தாள், கடைக்காரனைப் பார்த்தாள். "புதுசு குடுங்கண்ணா. பிஐஎஸ் மார்க் இருக்கறதா." ஐடி அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணயப் பதிவு கட்டாயம்; 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் முதுகில் இருக்க வேண்டும். அந்த எண்ணை அவர் மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். விலையைக் குறைக்கச் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை.

புது சார்ஜர் எந்தப் பக்கம் வளைத்தாலும் ஏறுகிறது. இட்லிப்பொடி சமையலறைக்குத் திரும்பிவிட்டது. மகளின் லேப்டாப்போ டைப்-சி. எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று அடாப்டரும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்கின்றன, ஒயர் கழற்றி மாட்டுகிற மாதிரி தனியாக வருகிறது. 2021-இல் இந்த முறை 240 வாட் வரை போய்விட்டது. அவர் அந்த ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எங்கும் பிடி கிடைக்காமல் கீழே வைத்துவிட்டார்.

பழைய சார்ஜரோ பரணில் இருக்கும் அட்டைப்பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஏற்கெனவே ஒரு கூட்டமே இருக்கிறது: கீபேட் போன்களின் சார்ஜர்கள், மோடம் அடாப்டர், எதனுடையது என்று தெரியாத ஒன்பது வோல்ட் ஒன்று. பழைய பேப்பர்காரர் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாள் பெட்டியை இறக்கிவிட்டார்.

"இதையும் எடைக்குப் போட்டுடலாமாங்க?"

மனிதர் ஈசி சேரிலிருந்து துள்ளி எழுந்தார். எர்த் முனையை இருபது வருடம் மதிக்காதவர், அடாப்டர் முதுகைப் படிக்காதவர், அன்றைக்குச் சட்டம் பேசினார்.

"என்னம்மா நீ! இதெல்லாம் எலக்ட்ரானிக் கழிவு. 2022-லயே விதி போட்டுட்டாங்க, 2023 ஏப்ரல்லேருந்து நடைமுறையில இருக்கு. முறையா மறுசுழற்சி பண்றவங்ககிட்டதான் குடுக்கணும், தெரியுமா?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பேப்பர்காரரே தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"சரி, அவங்ககிட்ட எப்பக் குடுக்கப் போறீங்க?"

"குடுக்கலாம், குடுக்கலாம். அதுக்கு முன்னாடி எது எது ஓடுதுன்னு ஒரு தடவை மீட்டர் வச்சுப் பாத்துடுறேன்."